ஐந்து கட்டைக்குக் கொஞ்சம் மேலே

“எங்கயுமே வந்து உக்கார மாட்டேங்குதுடா” என்றான் நண்பன், சிங்கப்பூரிலிருந்து. அவன் சொன்னது நான் வாசித்து அனுப்பியிருந்த பேஸ் இசையைப் பற்றி. மன்னார்குடி கடைத்தெருவில், என் கடை வாசலில், ஒரு கையில் போனும் இன்னொரு கையில் யாரோ ஒருவருடைய சிட்டா நகலுமாக நின்றுகொண்டு அதைக் கேட்டேன். நகலுக்குக் காத்திருந்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, நிலத்துல ஏதாச்சும் வில்லங்கமா தம்பி என்று பதறிப்போனார். நிலத்தில் ஒன்றும் இல்லை, பாட்டில்தான் வில்லங்கம் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? நகலைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

நானும் நண்பனும் தஞ்சாவூரில் ஒரே கல்லூரி, ஒரே ஹாஸ்டல் அறை. அவன் பேராவூரணிப் பக்கம், தென்னந்தோப்புக்காரன். நான் மன்னார்குடிக்கு வெளியே ஒரு கடைமடைக் கிராமம். வாய்க்கால் தண்ணீர் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு, மனசு வைத்தால் கடைசியில் எங்களிடம் வரும். இருவருக்கும் எண்பதுகளின் சின்தசைசர் இசை என்றால் பைத்தியம். இத்தனைக்கும் எண்பதுகள் முடிகிற சமயத்தில்தான் பிறந்தோம், அந்தக் காலத்தைப் பார்த்தது கிடையாது. ஆனால் மேலே மினுங்குகிற ஸ்வரங்கள், கைதட்டுவது போல வெடிக்கிற டிரம் மெஷின், எல்லாவற்றுக்கும் அடியில் விடாமல் துடித்துக்கொண்டு ஓடுகிற பேஸ், இதைக் கேட்டால் இன்றைக்கும் என் முழங்கால் தானாக ஆடும். பாட்டின் அடியில் ஓடுகிற அந்தக் கனத்த சத்தம்தான் என் பங்கு. கல்லூரியிலிருந்தே அப்படித்தான்.

படிப்பு முடிந்து அவன் சிங்கப்பூர் போனான். நான் சென்னையில் கொஞ்ச காலம் வேலை பார்த்தேன், பிடிக்கவில்லை, ஊருக்கு வந்து கடைத்தெருவில் ஒரு கணினி மையம் வைத்தேன். காலையில் பட்டா, சிட்டா, அடங்கல், வருமானச் சான்றிதழ். பிற்பகலில் கூட்டம் இருக்காது, சாத்திவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவேன். வீட்டில் சின்தசைசர் இருந்தது.

இரண்டு வருஷமாக நாங்கள் சேர்ந்து ஒரு ஆல்பம் செய்துகொண்டிருந்தோம். வார்த்தை இல்லாத ஆறு பாட்டு. இந்த மாதிரி இசையை மட்டும் இணையத்தில் வெளியிடுகிற ஒரு சின்ன வெளிநாட்டுக் கம்பெனி, சரி போடுகிறோம் என்று சொல்லியிருந்தது. வீடு கட்டுகிற வரிசையில்தான் எங்கள் வேலை நடக்கும். முதலில் நான் டிரம் மெஷினை ஓடவிட்டு, அதன்மேல் பேஸ் வாசித்து அனுப்புவேன். அவன் அதன்மேல் மற்றதைக் கட்டுவான். அட்டையில் இரண்டு பெயர் வரும். முப்பத்தைந்தைத் தாண்டிய, கல்யாணம் ஆகாத, ஊராருக்கு அடங்கல் பிரிண்ட் போட்டுக் கொடுக்கிற ஒருத்தனுக்கு அந்த இரண்டாவது பெயர் எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத்தான் தெரியும்.

அஸ்திவாரமே உட்காரவில்லை என்று இப்போது மேஸ்திரி சொல்கிறான்.

முதலில் வந்த புகார் வேறு. சுருதி சேரவில்லை என்றான். ஐந்து கட்டையில் இருக்க வேண்டியது ஐந்துக்கும் ஐந்தரைக்கும் நடுவில் எங்கேயோ நிற்கிறது, கொஞ்சம் தூக்கலாக இருக்கிறது என்றான். எனக்கு வந்ததே கோபம். எனக்கா சுருதி தெரியாது? சின்ன வயதில் மன்னார்குடியில் வருஷக்கணக்கில் பாட்டு வகுப்புக்குப் போனவன் நான். தஞ்சாவூர் ஜில்லாக்காரனின் காது இது. ஜில்லாவைப் பிரித்தார்களே தவிர காதைப் பிரிக்கவில்லை. இதையெல்லாம் அப்படியே அவனிடம் சொன்னேன். அவன் சுருதி காட்டுகிற செயலியில் என் பேஸை ஓடவிட்டு அந்தத் திரையைப் படம் பிடித்து அனுப்பினான். முள் வலது பக்கம் சாய்ந்து நின்றது. உன் செயலி கோளாறு என்று எழுதினேன். வேறு இரண்டு செயலியில் ஓடவிட்டு அந்தப் படங்களையும் அனுப்பினான்.

அதன்பிறகு என் கோபம் சின்தசைசர் மேல் திரும்பியது. பழைய காலத்து ஆசாமி அது. என்னைவிட வயதில் மூத்தது. நண்பன் சிங்கப்பூரில் பழைய சாமான் கடையில் பிடித்து, லுங்கிக்குள் சுற்றி, பெட்டியில் வைத்து ஒரு பொங்கல் லீவுக்குக் கொண்டுவந்தான். உள்ளே எல்லாம் பழைய பாணி. சூடு ஏற ஏறச் சுருதி நகரும். அதனால் ஒவ்வொரு தடவை உட்காரும்போதும் ஓரத்தில் இருக்கிற ஒரு குமிழைத் திருகிச் சுருதி சேர்த்துக்கொள்ள வேண்டும். செயலியெல்லாம் பார்த்து நான் திருகியது இல்லை. காதால்தான். திருகிக்கொண்டே வந்தால் ஓர் இடத்தில் சத்தம் சட்டென்று நிலைத்து நிற்கும், உடம்பே அதைச் சொல்லும். அந்த இடத்தில் விட்டுவிடுவேன். தினமும் அதே இடத்தில்தான் நின்றது என்பதில் எனக்கு ஒரு பெருமைகூட இருந்தது.

ஆகவே கோளாறு கருவியில்தான் இருக்க வேண்டும் என்று முடிவுகட்டினேன். ஸ்டெபிலைசரை மாற்றினேன். கேபிளை மாற்றினேன். கூடத்தில் இருக்கிற ஒரு பிளக்கில்தான் எர்த் ஒழுங்காக வரும், அதைக்கூட எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுச் சோதித்தேன். எல்லாம் நல்லாத்தாங்க இருக்கு என்று சொல்லி, டீ குடித்துவிட்டுப் போனார். மறுபடி வாசித்து அனுப்பினேன். மறுபடி அதே தூக்கல். அந்த வாரம் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் எரிந்து விழுந்தேன்.

கடைசியில் நண்பனே, சரி விடு, சுருதியை நான் கம்ப்யூட்டரில் இறக்கிக்கொள்கிறேன் என்றான். இறக்கினான். அதற்குப் பிறகு வந்ததுதான் கடை வாசலில் நான் கேட்ட அந்தப் புகார். சுருதி சேர்ந்துவிட்டது, ஆனால் பேஸ் எங்கேயும் வந்து உட்காரவில்லை. அங்கேயும் இங்கேயும் அலைகிறது, வீட்டுக்கு வரமாட்டேன் என்கிறது என்றான். கூடவே இன்னொன்றும் கேட்டான்: ஆறு பாட்டும் ஏன்டா ஒரே சுருதியில் இருக்கு? எனக்குப் பிடித்த சுருதி அது, உனக்கென்ன என்று கத்தினேன்.

முதல் புகாரைவிட இது என்னை அதிகம் வதைத்தது. சுருதி என்றால் கருவியைத் திட்டலாம். உட்காரவில்லை என்றால் யாரைத் திட்டுவது? கூடத்தில் வாசிக்கும்போது அது அவ்வளவு நன்றாக இருந்தது. நெஞ்சுக்கூடு அதிர்ந்தது. தரையில் வைத்த டம்ளரில் தண்ணீர் நடுங்கியது. அதே ஃபைல் சிங்கப்பூர் போனதும் எப்படிச் சவலையாகும்? கடையில் என் போனில் போட்டுக் கேட்டுப் பார்த்தேன். ஒன்றுமே கேட்கவில்லை. போனில் பேஸ் கேட்காது என்பது ஊருக்கே தெரிந்த விஷயம், அதனால் அதையும் கணக்கில் சேர்க்கவில்லை.

ஒவ்வொரு பாட்டையும் மறுபடி வாசித்தேன், சிலவற்றை எத்தனை முறை என்று நினைவில்லை. ஸ்வரத்தைக் கூட்டினேன், குறைத்தேன், வேகமாக்கினேன். எதை அனுப்பினாலும் அதே பதில். அலையுதுடா. நண்பனும் பொறுமைசாலிதான், ஆனால் கம்பெனிக்காரர்கள் அவனை நெருக்கிக்கொண்டிருந்தார்கள். ஐப்பசி பிறந்த சமயத்தில் ஒரு நாள் தயங்கித் தயங்கிச் சொன்னான். “இந்த மாசக் கடைசிக்குள்ள வரலைன்னா, மெட்ராஸ்ல ஒருத்தர் இருக்காருடா. அவர்கிட்ட பேஸைக் கொடுத்துடலாம்னு பாக்கறேன். தப்பா எடுத்துக்காத.”

தப்பாகத்தான் எடுத்துக்கொண்டேன். போனை வைத்துவிட்டு, சாப்பிடாமல், கூடத்தில் சின்தசைசருக்கு எதிரே சும்மா உட்கார்ந்திருந்தேன்.

இந்த இடத்தில் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மா ஆடியிலிருந்தே சீர்காழியில் இருந்தார், அக்காவின் பிரசவத்துக்காக. வீட்டில் நானும் அப்பாவும்தான். அப்பா என் இசையைத் திட்டியதே கிடையாது. திட்டினால் பதிலுக்குச் சண்டை போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாம். அவர் செய்வது வேறு. நான் வாசித்துக்கொண்டிருக்கும்போது கூடத்துக்கு வருவார். துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, நிலையில் ஒரு கையை ஊன்றி நிற்பார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “முடிஞ்சுதா?” என்பார்.

அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தையில் என் வயது, கல்யாணம், விட்டுவிட்டு வந்த சென்னை வேலை எல்லாம் இருக்கும். அல்லது இருப்பதாக எனக்குப் படும். அதற்குமேல் விரல் ஓடாது. வேறு அறைக்குப் போகலாமென்றால் எர்த் உள்ள பிளக் கூடத்தில்தான். ஹெட்போன் மாட்டலாமென்றால் அதைச் செருகுகிற ஓட்டை சிங்கப்பூரிலிருந்து வரும்போதே உடைந்திருந்தது. ஆகவே அப்பா வீட்டில் இருந்தால் வாசிப்பதில்லை என்று பழக்கிக்கொண்டேன்.

எனக்கு வாய்த்தது மோட்டார் நேரம். அந்த வருஷம் வாய்க்கால் தண்ணீர் ஒழுங்காக வரவில்லை. போர் தண்ணீரை நம்பித்தான் பயிர். மோட்டார் கொட்டகை எங்கள் கொல்லைச் சுவரை ஒட்டி, வைக்கோல் போருக்கு அந்தப் பக்கம். மதியம் சாப்பிட்டுவிட்டு அப்பா போய் மோட்டாரைப் போட்டால், வயலுக்கு வயல் மடை திருப்பிவிட்டு, மோட்டாரை நிறுத்திய பிறகுதான் வீட்டுக்கு வருவார். கொல்லையிலிருந்து அந்த ‘ம்ம்ம்’ என்ற சத்தம் கிளம்பியதும் நான் சின்தசைசரின் சுவிட்சைப் போடுவேன். அது நின்றதும் அணைத்துவிடுவேன். பள்ளிக்கூட மணி அடித்த மாதிரிதான். ஒரு நாள் பாக்கி இல்லாமல் இப்படியே போயிற்று.

கெடு சொல்லிவிட்டு நண்பன் போனை வைத்தான், மழை பிடித்துக்கொண்டது. ஐப்பசி மழைக்கு நாங்கள் காத்திருந்தது உண்மைதான், பயிர் அதற்காக ஏங்கியது. ஆனால் அது என் தலையில் பெய்தது. மழை வந்ததும் மோட்டாருக்கு வேலை இல்லை. மோட்டாருக்கு வேலை இல்லையென்றால் அப்பாவுக்கும் வெளியில் வேலை இல்லை. காலையில் ஒரு நடை போய் வடிகாலைப் பார்த்துவிட்டு வந்துவிடுவார். அதற்குப் பிறகு கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, வாசலைப் பார்த்து உட்கார்ந்துவிடுவார். பழைய டியூபை வெட்டி மோட்டாருக்கு வாஷர் செய்துகொண்டோ, சும்மாவோ. நான் கடையிலிருந்து நனைந்துகொண்டு வந்தால் நாற்காலியில் அவர். டீ போட்டுக்கொண்டு வந்தால் நாற்காலியில் அவர். நாள் ஓடிக்கொண்டிருந்தது. அவரை எழுந்து போங்கள் என்று சொல்ல முடியுமா? அவருடைய வீடு, அவருடைய மழை.

ஒரு பிற்பகல், இனி தாங்காது என்று, அவர் பின்கட்டில் கொஞ்சம் கண்ணயர்ந்த நேரமாகப் பார்த்து உட்கார்ந்தேன். சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு குமிழைத் திருகினேன். ஒன்றும் பிடிபடவில்லை. வழக்கமாகச் சத்தம் நிலைத்து நிற்கிற இடம் வரவே இல்லை. இடது பக்கம் போனேன், வலது பக்கம் போனேன். எல்லா இடமும் சரி மாதிரியும் இருந்தது, எல்லா இடமும் தப்பு மாதிரியும் இருந்தது. காது போய்விட்டதா என்று நிஜமாகவே பயம் வந்தது. சரி, பழையதையாவது கேட்போம் என்று, நண்பன் திருப்பியடித்த முதல் பாட்டை, அவன் இறக்காத என் சொந்தச் சுருதியிலேயே, ஸ்பீக்கரில் போட்டேன்.

அவன் சொன்னது சரி. உட்காரவே இல்லை. டிரம் ஓடுகிறது, அதன்மேல் பேஸ் தாவித் தாவிப் போகிறது, ஒரு இடத்தில்கூடக் காலை ஊன்றவில்லை. நாலு ஸ்வரம் வாசித்துவிட்டு ஒரு பெரிய இடைவெளி. அந்த இடைவெளியில் ஒன்றுமே இல்லை. இதையா நான் நெஞ்சு அதிர அதிர வாசித்தேன்? திரும்பத் திரும்ப ஓடவிட்டேன். அவமானமாக இருந்தது. இதை எடுத்துக்கொண்டு இத்தனை மாதம் அவனோடு மல்லுக்கு நின்றிருக்கிறேன். மெட்ராஸ்காரருக்கே கொடுத்துத் தொலையட்டும் என்று தோன்றிவிட்டது.

அப்போது மோட்டார் ஓடியது.

மழைக்காலத்தில் மோட்டார் ஈரத்தில் கிடந்தால் பிடித்துக்கொள்ளும் என்று அப்பா நடுநடுவே கொஞ்ச நேரம் ஓடவிடுவது வழக்கம். தூங்குகிறார் என்று நான் நினைத்த மனிதர், கோணிப்பையைத் தலையில் போட்டுக்கொண்டு கொல்லை வழியாகப் போயிருக்கிறார். சுவருக்கு அந்தப் பக்கம் ‘ம்ம்ம்’ என்று பிடித்தது. என் ஸ்பீக்கரில் ஓடிக்கொண்டிருந்த பாட்டு அடுத்த நொடியே எழுந்து நின்றது. கால் ஊன்றியது. இடைவெளிகள் எல்லாம் நிரம்பின. டம்ளர் தண்ணீர் நடுங்கியது. நான் வாசித்த அதே பாட்டு, எனக்குத் தெரிந்த அதே பாட்டு.

மோட்டார் நின்றது. பாட்டு பொத்தென்று விழுந்தது.

செருப்புகூடப் போடாமல் மழையில் கொட்டகைக்கு ஓடினேன். அப்பா கதவைப் பூட்டிக்கொண்டிருந்தார்.

“இன்னொரு தடவை போடுங்க” என்றேன்.

“எதுக்கு?”

“சும்மா போடுங்கப்பா.”

என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, போட்டார். நான் கூடத்துக்கு ஓடினேன். எழுந்து நின்றது. திரும்ப ஓடி நிறுத்தச் சொன்னேன். விழுந்தது. மறுபடி போடச் சொன்னபோது, என்னடா ஆச்சு உனக்கு என்று கேட்டார். அதற்குள் நான் கூடத்துக்குப் பாதி வழி ஓடியிருந்தேன்.

விஷயம் இவ்வளவுதான். நம்மூர் மின்சாரம் நொடிக்கு ஐம்பது தடவை அடிக்கிறது. மோட்டார் அதை இரட்டிப்பாக்கி நூறாக முனகும். அது ஐந்து கட்டைக்குக் கொஞ்சம் மேலே விழும், நண்பனின் முள் சாய்ந்து நின்ற அதே இடத்தில். பாட்டு வகுப்பில் முதல் நாள் சொல்லிக்கொடுத்தது, சுருதிப் பெட்டி ஓடுகிறது, அதில் போய்ச் சேர் என்பது. என் காது பிசகாமல் சேர்ந்தது. எதில் சேர்கிறோம் என்றுதான் பார்க்கவில்லை. அதைவிட மோசம் இன்னொன்று. சுருதிதான் விடாமல் ஆதார ஸ்வரமான ஸட்ஜத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறதே என்று, ஸட்ஜத்தை மோட்டாரிடம் விட்டுவிட்டு மற்ற ஸ்வரங்களை மட்டும் நான் வாசித்திருக்கிறேன். அதனால்தான் ஆறு பாட்டும் ஒரே சுருதி. அதனால்தான் எதுவும் வீடு திரும்பவில்லை. சின்தசைசரிலிருந்து கேபிள் நேரே கம்ப்யூட்டருக்குப் போகிறது. சிங்கப்பூருக்கு என் பாதி போயிருக்கிறது, மோட்டாரின் பாதி கொல்லையிலேயே நின்றுவிட்டது.

காரணம் தெரிந்ததும் சந்தோஷம் வரும் என்பார்கள். எனக்கு ஆத்திரம்தான் வந்தது. உலகத்தில் வேறு எவனாவது இப்படி ஒரு தப்பைச் செய்வானா? நண்பனிடம் சொன்னேன். அவன் சிரித்த சிரிப்பு அடங்கவே நேரமாயிற்று. அடங்கியதும், மோட்டாரைப் பதிவு பண்ணி அடியில் சேர்த்துடலாமாடா என்றான். ஆறு பாட்டிலும் பம்புசெட் ஓடினால் ஆல்பத்துக்கு வேளாண் துறையில்தான் வெளியீட்டு விழா வைக்க வேண்டும் என்று அவனே வேண்டாமென்றும் சொல்லிவிட்டான். மறுபடி வாசி, நீயே ஸட்ஜத்தைப் போடு, செயலியைப் பார்த்துச் சுருதி சேர், கடைசித் தேதி மாறாது என்றான்.

மறுபடி வாசிக்கலாம். எப்போது? அமைதியில் வாசிக்க வேண்டும், மோட்டார் ஓடக் கூடாது. மோட்டார் ஓடாவிட்டால் அப்பா வீட்டில் இருப்பார். அப்பா வீட்டில் இல்லாவிட்டால் மோட்டார் ஓடும். இத்தனை நாளும் நான் சுதந்திரம் என்று நினைத்தது அவருடைய மோட்டார் சத்தத்துக்குள் ஒளிந்துகொண்டிருந்ததுதான். இந்த ஆல்பம் எனக்கு வேண்டுமென்றால் அந்தப் பிளாஸ்டிக் நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்துதான் வாசித்தாக வேண்டும்.

மறுநாள் உட்கார்ந்தேன். மழை அடித்துக்கொண்டிருந்தது. அப்பா வாசலைப் பார்த்தபடி டியூபை வெட்டிக்கொண்டிருந்தார். செயலியைப் பார்த்துக் குமிழைத் திருகினேன். முள் நடுவில் நின்ற இடம் என் காதுக்குக் கீழே போய்விட்ட மாதிரி இருந்தது. டிரம் மெஷினைப் போட்டேன். நூறு பேர் எதிரே வாசிக்கிற மாதிரி இருந்தது. தப்பு தப்பாக வந்தது. நிறுத்தினேன், தொடங்கினேன், நிறுத்தினேன். ஒவ்வொரு தடவை நிறுத்தும்போதும் அந்த வார்த்தை வரும் என்று முதுகு காத்திருந்தது. வரவில்லை. கத்தரி மட்டும் ரப்பரைக் கடிக்கிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் கோபம் பயத்தைத் தள்ளிவிட்டது. வந்தால் வரட்டும் என்று ஸட்ஜத்தை அடித்தேன், விடாமல், அடிக்கொரு தடவை, எண்பதுகளின் பாட்டுகளில் அடித்த மாதிரியே, கீழ் ஸ்தாயியில் ஒன்று மேல் ஸ்தாயியில் ஒன்று என்று. இடைவெளி ஒன்றைக்கூட விடவில்லை.

மாலைக்குள் முதல் பாட்டு முடிந்தது. ஒரு முறை முழுவதும் ஓடவிட்டேன். ஓடி முடிந்ததும் அப்பா கத்தரியைக் கீழே வைத்தார்.

“இது நீ முன்ன வாசிச்சதுதானே, சித்திரையிலேர்ந்து?”

திடுக்கிட்டுப் போனேன். ஆமாம் என்றேன்.

“அதை ஏன் மாத்துன? கொட்டகைல நின்னு கேக்குறப்ப நல்லா இருந்துச்சு. மோட்டாரும் அதும் ஒண்ணா போகும். தண்ணி பாஞ்ச பின்னாடியும் சில நாளு நிறுத்தாம நின்னுருக்கேன்.” வாஷரைத் தூக்கி வெளிச்சத்தில் ஓட்டை சரியாக இருக்கிறதா என்று பார்த்தார். “இப்ப என்னமோ எல்லாத்தையும் நீயே போட்டு அடைச்சு வச்சிருக்க.”

தண்ணீர் பாய்ந்த பிறகும் மோட்டாரை நிறுத்தாமல் நின்றிருக்கிறார். அவர் போகட்டும் என்று காத்திருந்து காத்திருந்து நான் வாசித்த அத்தனை நாளும், என் பாட்டு சரியான சுருதியில், ஒரு குறையும் இல்லாமல் கேட்ட இடம், இந்தக் கூடத்தை விட்டால், இந்த உலகத்தில் அந்தக் கொட்டகை வாசல் ஒன்றுதான். அங்கே நின்றிருந்தவர் அவர். அழுகை வந்தது என்று சொல்ல மாட்டேன், வந்ததில் பாதி எரிச்சல். இதை ஒரு தடவையாவது வாயைத் திறந்து சொல்லியிருக்கக் கூடாதா இந்த மனிதர்?

கெடுவுக்குள் ஆறையும் முடித்து அனுப்பினேன். நாற்காலி அங்கேயேதான் இருந்தது. இப்பதான்டா உக்காருது என்று நண்பன் குதித்தான். மெட்ராஸ்காரர் பேச்சு அதன்பிறகு வரவில்லை. ஆல்பம் மார்கழியில் வெளிவந்தது, அட்டையில் இரண்டாவதாக என் பெயர் இருக்கிறது. கேட்டவர்கள் பேஸ் நன்றாக இருக்கிறது என்கிறார்கள். எனக்கு மட்டும் இன்றுவரை அது கொஞ்சம் இறங்கி ஒலிக்கிறது. கேட்கும்போதெல்லாம் கடுப்பாக இருக்கிறது. பழைய ஆறு ஃபைல்களை நான் அழிக்கவில்லை.

தை பிறப்பதற்குக் கொஞ்சம் முன்னால் மழை சுத்தமாக விட்டது, கதிர் முற்றுவதற்கு இன்னும் ஒரு தண்ணீர் தேவைப்பட்டது. மதியம் சாப்பிட்டுவிட்டு அப்பா மண்வெட்டியை எடுத்தார். வழக்கமாகச் சொல்லாமல் கொள்ளாமல் கொல்லை வழியாகப் போகிறவர், அன்று கூடத்துக்கு வந்து, நிலையில் கையை ஊன்றி நின்றார்.

“மோட்டார் போடப் போறேன்” என்றார்.

சரிங்க என்றேன். அவர் வைக்கோல் போரைத் தாண்டும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு சின்தசைசரின் சுவிட்சைப் போட்டு, செயலியைத் தேடாமல், குமிழைக் கொஞ்சம் வலது பக்கம் திருகி வைத்துக்கொண்டேன்.